போனுக்குச் சந்தனக்காப்பு

என் போன் உயிரை விட்ட அன்று காலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். நர்சிங் படித்தவள் நான் ஒருத்திதான். என்னைத்தான் நோயாளியின் பக்கத்திலேயே விடவில்லை.

அம்மா போனை உள்ளங்கையில் வைத்து முதுகில் தட்டினாள், விக்கல் எடுத்த பிள்ளையைத் தட்டுவது மாதிரி. அண்ணன் ராஜபாண்டி அதை அவளிடமிருந்து வாங்கிப் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினான். போனோடு சேர்த்துத் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டான். கண்ணாடியில் எங்கள் மூன்று பேர் முகமும் கறுப்பாகத் தெரிந்ததே ஒழிய வேறு வெளிச்சம் எதுவும் வரவில்லை.

"ராத்திரி பூரா சார்ஜ்லதான கெடந்துச்சு?" என்றான்.

"கெடந்துச்சு."

"பெறவு ஏன் இந்தச் சவம் எந்திக்க மாட்டேங்கு?"

தன் சார்ஜரைக் கொண்டுவந்து சொருகினான். பிறகு பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அந்த பாயின்டில் சொருகினான். பட்டனையும் சத்தம் கூட்டுகிற பட்டனையும் சேர்த்து அமுக்கினான். அம்மா பூஜை அலமாரியிலிருந்து திருநீறு எடுத்து வந்தாள். போனுக்கா எனக்கா என்று கேட்பதற்குள் என் நெற்றியில் பூசிவிட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு போன் வர வேண்டும். அது வராமல் போனால் என் கதை முடிந்தது.

நாசிக்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, தங்குவதற்கு ஹாஸ்டல். காலேஜில் சர்ட்டிபிகேட் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு தாதரில் இன்டர்வியூ முடித்துவிட்டு வந்திருந்தேன். அங்கே ரஞ்சனா என்று ஒரு மேடம், கண்டிப்பான மராட்டிப் பெண்மணி. தசரா லீவு முடிந்த மறுநாள் கூப்பிடுவேன், வருகிறேன் என்று சொன்னால் வேலை உனக்கு, போன் கிடைக்கவில்லை என்றால் வரிசையில் நிற்கும் அடுத்த பெண்ணுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த மறுநாள்தான் இது.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. ஏனென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை அத்தை மகன் மாரீஸ்வரன். எங்கள் சொந்த ஊரான திசையன்விளையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு, ஒரு குறை சொல்ல முடியவில்லை. "எங்க வீட்டுக்கு வார மருமவ வேலைக்குப் போவணும்னு தலையெழுத்தா?" என்று அத்தை போனில் பெருமையாகச் சொன்னாள். என் படிப்பை மூன்றே நொடியில் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. நான் பிறந்தது, வளர்ந்தது, ரயிலில் தொங்கிக்கொண்டு படிக்கப் போனது எல்லாம் இந்த மாட்டுங்கா லேபர் கேம்பில். ஊர் எனக்கு மே மாத லீவு. தெருவில் இறங்கினால் யார் மகள், எங்கே போகிறாள் என்று நாலு பேர் விசாரிக்கிற இடத்தில் ஆயுசு முழுக்க உட்கார என்னால் முடியாது.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் இது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஏற்பாடு. நான் அங்கே போனால்தான் அத்தை மகள் கீதா இங்கே வருவாள், என் அண்ணனுக்கு. அண்ணனுக்கு அவள் என்றால் உயிர். அவன் போனைத் திறந்தாலே கீதாவின் முகம்தான். அப்பா போன பிறகு தோல் பை தைக்கிற பட்டறையில் குனிந்து குனிந்து என்னைப் படிக்க வைத்தவன் அவன். இந்தப் போனை வாங்கித் தந்தவனும் அவனே. கெட்டவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். நல்லவர்கள் வீட்டில் பிறந்து தொலைத்துவிட்டேன்.

முதலில் வேலை கைக்கு வரட்டும், பிறகு வாயைத் திறக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் போன் வாயை மூடிக்கொண்டது.

"ஒண்ணு செய்வோம்," என்றான் அண்ணன். "ஒன் சிம்மக் கழட்டி என் போன்ல போடுதேன். ரெண்டாவது சிம்முக்கு எடம் சும்மாதான் கெடக்கு. யாரு கூப்ட்டாலும் ஒன்ட்ட குடுக்கேன்."

"வேண்டாம்ணே."

"ஏன்?"

"யாரு கூப்பிடப் போறா? வேண்டாம்."

"மாரீஸ்வரன் கூப்பிடுவான்லா. சேலை கலரு கேக்கணும்னு சொன்னான்." சிரித்தான். "என்ன ராணுவ ரகசியமாட்டி வச்சிருக்க அதுல?"

நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

"நானே போயி அபுதாஹிர் பாய் கடையில காட்டிட்டு வாரேன்," என்று எழுந்தேன். பாய் கடை மூன்று சந்து தாண்டி இருந்தது. தனியாகப் போனால் கடையில் சிம்மை வேறொரு போனில் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம், அழைப்பு வந்ததும் பேசிவிடலாம். மனசுக்குள் செருப்பு மாட்டியாகிவிட்டது.

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வாசலை மறிக்கப் பெரிய ஆள் வேண்டாம்.

"நாள் குறிச்ச பிள்ள தனியா வெளிய போவக் கூடாது. அண்ணன் எதுக்கு இருக்கான்?"

"இந்தா இருக்கு கடை."

"எங்கன இருந்தா என்ன? பாண்டி, நீ போய்ட்டு வா. இவ இங்கன இருக்கட்டும்."

"பின் நம்பரு கேப்பாவம்மா. நானும் வரணும்," என்றேன். அந்த ஒரு பொய்தான் அந்த நேரத்தில் வந்தது. அண்ணன் எனக்காக அன்றைக்குப் பட்டறைக்கு லீவு போட்டிருந்தான். தங்கைக்கு நிச்சயம், போன் இல்லாமல் இருக்கக் கூடாதாம். அவன் அன்பைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். அண்ணன் முன்னால் போனான், நான் பின்னால். போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. குடிநீர்க் குழாய், சாக்கடை மூடி, காயப்போட்ட தோல் துண்டு எல்லாவற்றையும் அவன் தாண்டின இடத்தில் நானும் தாண்டினேன். இரண்டு தடவை, "போன என்ட்ட தாண்ணே" என்று கேட்டேன். "கீழ போட்டுருவ" என்றான். ஐ.சி.யூ.வில் நோயாளி கைநரம்பில் ஊசி ஏற்றியிருக்கிறேன் நான். என் போனை நான் கீழே போட்டுவிடுவேனாம்.

அபுதாஹிர் பாய்க்கு வள்ளியூர்ப் பக்கம். கடை என்பது ஒரு மேஜை, ஒரு விளக்கு, பின்னால் சுவர் நிறைய போன் உறை. வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்ச், அதில் பாதி சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பாய் போனை வாங்கினார். பட்டனை அமுக்கினார். தன் வயரைச் சொருகினார். வயர் முழுசாக உள்ளே போகாமல் நின்றது.

"உள்ள என்னமோ இருக்கே," என்று லென்ஸ் விளக்கைக் கீழே இழுத்தார்.

சார்ஜ் துளைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அம்மனுக்குச் சந்தனக்காப்பு கேள்விப்பட்டிருக்கேன். போனுக்குச் சந்தனக்காப்பு இப்பத்தாம் பாக்கேன். நடுவுல குங்குமம் வேற!"

எனக்கு விளங்கிவிட்டது. ஆயுத பூஜை.

அன்றைக்கு அம்மா வீட்டிலுள்ள ஆயுதங்களை எல்லாம் சாமிக்கு முன்னால் பரப்பினாள். அண்ணனின் தோல் கத்தி, தையல் கத்தரி, அரிவாள்மணை, என் ஸ்டெதஸ்கோப், கடைசியில் என் போன். "படிச்ச பிள்ளைக்கு இதும் ஆயுதந்தான" என்று சொல்லி, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை எடுத்தாள். கண்ணாடியில் வைத்தால் கறை பிடிக்கும் என்று அவளுக்கு அக்கறை. அதனால் போனின் கீழ் விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி அப்பினாள், அதன் மேல் குங்குமம். துளை இருந்ததே அங்கேதான். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக்கு எடுக்கிறவரை தொடக் கூடாது. அதற்குள் சந்தனம் உள்ளேயே காய்ந்து சிமென்ட் ஆகிவிட்டது. தசரா சாயங்காலம் எடுத்தபோது மிச்சமிருந்த சார்ஜில் வேலை செய்தது. ராத்திரி வயரைச் சொருகி, ஏறுகிறதா என்று பார்க்காமல் நான் படுத்துவிட்டேன்.

"அம்மைட்ட சொல்லிராதட்டி," என்றான் அண்ணன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மனசு சங்கடப்படுவா."

பாய் மெல்லிய ஊசியாலும் ஸ்பிரிட் தொட்ட பிரஷாலும் சுரண்ட ஆரம்பித்தார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. சந்து முழுக்கத் தோல் நாற்றம், அதற்கு நடுவில் எங்கள் வீட்டுப் பூஜை வாசனை.

"அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு, மெதுவாத்தான் எடுக்கணும்," என்றார். "பேட்டரி சுத்தமா காலி. சுத்தம் பண்ணுன பெறவும் கொஞ்ச நேரம் சார்ஜ்ல கெடந்தாத்தான் முழிக்கும். அது வரைக்கும் சிம்ம எடுத்து வச்சிக்கிடுங்க."

பாய் சொல்லி வாய் மூடவில்லை, அண்ணன் கையை நீட்டிவிட்டான். சிம் தட்டை வெளியே தள்ளுகிற ஊசியைப் பாய் அவனிடமே கொடுத்தார். "என்ட்ட தாண்ணே, நான் வச்சிக்கிடுதேன்" என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என் சிம் அவன் போனுக்குள் போனது. அவன் போன் ஒருமுறை அதிர்ந்து என் நம்பரை ஏற்றுக்கொண்டது. கீதா அதற்குள்ளிருந்து சிரித்தாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து, வரக் கூடாது, இப்போது வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். காலையில் எந்த அழைப்புக்காக ஏங்கினேனோ அதே அழைப்புதான். ரஞ்சனா மேடம் டீ குடிக்கப் போகட்டும். மீட்டிங்கில் மாட்டிக்கொள்ளட்டும். ஒரு அரை மணி நேரம் எனக்குக் கொடு என்று தெரிந்த சாமியிடமெல்லாம் கேட்டேன்.

அண்ணனின் போன் அடித்தது.

அவன் திரையைப் பார்த்தான். "ஒன் நம்பருக்குத்தான்," என்றான். நான் கையை நீட்டினேன். புது நம்பர் என்பதால் அவனே எடுத்தான். தங்கைக்கு வருகிற புது நம்பரை அண்ணன் எடுக்கிறதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அவனுக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. இந்தியில் "ஆமா, அவ அண்ணந்தான் பேசுதேன்" என்ற மாதிரி ஏதோ சொன்னான். கேட்கக் கேட்க எழுந்து நின்றான். சந்துக்குள் நாலடி நடந்துபோய் எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அந்தச் சந்தில் நாலடி ஒரு தூரமா? எனக்கு எல்லாம் கேட்டது.

"நாசிக்கா?" என்று கேட்டான். "எப்ப சேரணும்?" என்று கேட்டான். அவன் தோள் கொஞ்சம் இறங்கியது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது, போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவான் என்று. பிறகு அவன் ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாக இந்தியில் சொன்னான்: "மாலதிக்குக் கல்யாணம் முடிவாயிட்டுது மேடம். அவ வரமாட்டா. தேங்க் யூ."

எழுந்துபோய்ப் பிடுங்கியிருக்கலாம். கத்தியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. அவன் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யாருண்ணே?"

"லோன் வேணுமான்னு கேக்கான்," என்றான், பாயின் கையைப் பார்த்துக்கொண்டே.

எனக்குக் கேட்டது என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பேரும் பாய் சந்தனம் சுரண்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். இஞ்சி தட்டிப் போடச் சொல்லி, எனக்குப் பிடித்த மாதிரி. அதைக் குடிக்கவும் முடியவில்லை, அவன் மூஞ்சியில் ஊற்றவும் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் போன் கண் விழித்தது. கம்பெனி பெயர் வந்தது, வெளிச்சம் வந்தது, எல்லாம் ஜோராக இருந்தது. மேலே ஓரத்தில் மட்டும் சிம் இல்லை என்று காட்டியது.

"சிம்மக் குடு," என்றேன்.

அண்ணன் கழற்றிக் கொடுத்தான். இனி அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்திருப்பான். நானே போட்டுக்கொண்டேன். திரும்பி நடக்கும்போதும் அவன் முன்னால், நான் பின்னால். போன் மட்டும் இப்போது என் கையில் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா போனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உசிரு வந்துட்டா! எந்தச் சாமி கண்ணத் தொறந்துச்சோ! கொண்டாட்டி இங்க." அவள் கையில் குங்குமச் சிமிழ். "மேலாக்க லேசா ஒரு பொட்டு வைக்கேன். கண்ணு பட்டிருக்கு."

அண்ணன் வாசலிலேயே நின்றான். வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்தது, வழி அவனுக்குப் பின்னால் இருந்தது. அம்மா குங்குமம் தொட்ட விரலோடு என் போனை நோக்கி வந்தாள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"தொடாத," என்றேன். நான் அம்மாவிடம் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. அவள் விரல் அந்தரத்திலேயே நின்றது.

ரஞ்சனா மேடம் நம்பரைப் பார்லர் என்று பெயர் போட்டு வைத்திருந்தேன். அழுத்தினேன். ஸ்பீக்கரில் போட்டேன். பரணில் ஏறி ரகசியமாகப் பேச என்னால் இனிமேல் முடியாது. ஒரே அறை, எல்லோரும் கேட்கட்டும்.

"மேடம், நான் மாலதி பேசறேன்," என்றேன் இந்தியில்.

"இப்பத்தானே உன் அண்ணன் வரமாட்டாய் என்றார்? அதற்கு முன்னாலும் உனக்கு இரண்டு தடவை அடித்தேன். அடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொல்லிவிட்டேனே."

"அது அண்ணனோட பதில், மேடம். வேலைக்கு மனு போட்டது நான். நான் வரேன்."

"லைனிலேயே இரு, கேட்டுவிட்டு வருகிறேன்," என்றாள். பிறகு பியானோ மாதிரி ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தது.

அம்மாவுக்கு இந்தி நன்றாகவே தெரியும். பாத்திரக்காரனிடம் பேரம் பேசியே கற்றுக்கொண்டவள். குங்குமச் சிமிழை மூடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த அசட்டுப் பாட்டு எங்கள் அறை முழுக்க ஓடியது. அப்போது அண்ணனின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கீதா. அடித்து அடித்து நின்றது. அவன் எடுக்கவில்லை.

"நான் அவட்ட என்னட்டி சொல்லுவேன்?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். வழி தெரியாதவன் கேட்கிற மாதிரி கேட்டான்.

"தெரியலண்ணே," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவனுக்கு நான் செய்தது துரோகம்தான். அதைச் செய்யாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

பாட்டு நின்றது.

"மாலதி, கேட்கிறதா? அந்த அடுத்த பெண்ணுக்கு அப்போதிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார்களாம். போன் ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. எனக்குக் காத்திருக்க நேரமில்லை. நீ திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடு. வருவாய்தானே?"

சந்தோஷமாக இருந்தது. அதே நொடியில் அந்த இன்னொருத்தி நினைவு வந்தது. யார் அந்தப் பெண், எந்த ஊர், எந்த வீடு? அவள் போனைச் சுற்றி எத்தனை நல்லவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ. எந்தச் சாமி பெயரில் யார் எதைப் பூசினார்களோ. அவளும் ஒரு வாசலில் நின்று, நானே போய்ச் சரி பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

இன்னும் ஒரே ஒரு தடவை அவளுக்கு அடித்துப் பாருங்கள் மேடம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

நான் அதைச் சொல்லவில்லை.

"வரேன் மேடம்," என்றேன்.